நாலு விரல்தானே சார்!

போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைத் தூக்கி எறியவில்லை. பசிக்கிறது என்று கத்தவில்லை. நேராக என்னிடம் வந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள்.

உள்ளே காம்பஸைக் காணோம். முடி இருந்தது.

சிக்கு விழுந்து, உருண்டு திரண்டு, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு.

"இன்னாடி இது?"

"என் முடி நைனா. பி.டி. மிஸ் வெட்டிட்டாங்க."

அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். இடது பக்கம் முடி இருந்தது. வலது பக்கம் காதுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

ஸ்டெல்லா என் மகள். ஏழாம் வகுப்பு. ராயபுரத்தில் வலையும் கயிறும் விற்கிற கடையில் நான் வேலை செய்வது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் தலைமுடி எப்படி என்று தெரியாது. சுருட்டை. சாதாரண சுருட்டை இல்லை... பால்பாயின்ட் பேனாவுக்குள் இருக்குமே ஸ்பிரிங், அந்தச் சுருட்டை. நான் ஆண்பிள்ளை. மாதம் ஒரு முறை ஒட்ட வெட்டிக்கொண்டு தப்பித்தேன். அதை அப்படியே மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

முடி என்னுடையது. பேச்சு வாங்குவது அவள். 'தேங்கா நாரு', 'குருவிக் கூடு', 'கரண்ட் ஷாக்கு'... எல்லாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டாயிற்று.

இலவச ஆலோசனைக்கும் குறைவில்லை. "எண்ணெய வழிய வழிய வெச்சி நல்லா இஸ்து வாரு." "ஒரு மொட்ட போடு, அப்பால நேரா வளரும்." நான் வேளாங்கண்ணியில் மூன்று முறை மொட்டை போட்டவன். மூன்று முறையும் அதே ஸ்பிரிங்தான் முளைத்தது. மொட்டை அடித்தால் முடி நேராகும் என்று எவன் முதலில் சொன்னான்? கையில் கிடைத்தால் அவனுக்குப் போடுவேன் ஒரு மொட்டை.

அவள் பள்ளியில் பெண்பிள்ளைகள் இரட்டைச் சடை போட வேண்டும். அதைக் காது வரை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். நேர் முடிக்காரிகளுக்கு அது ஐந்து நிமிட வேலை. இவளுக்கு? மற்ற பிள்ளைக்கு நெஞ்சு வரை தொங்குகிற அதே நீள முடி, இவள் தலையில் தோளைக்கூடத் தொடாது. இழுத்தால் வரும். விட்டால் மேலே ஓடிவிடும்.

நாலாம் வகுப்பு முடிந்த லீவில் முடிவு பண்ணினாள். முடி வளர்ப்பது. மடித்துக் கட்டுகிற அளவுக்கு வளர்ப்பது.

"மட்ச்சிக் கட்டிட்டா யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க இல்ல நைனா?"

அவள் ஆசை அவ்வளவுதான். அழகுராணி ஆவதற்கு இல்லை. திட்டு வாங்காமல் பிரேயரில் நிற்பதற்கு.

செல்போனில் தேடித் தேடிப் பார்த்தாள். எங்கெங்கோ இருக்கிற பெண்கள், இவளைப் போலவே முடி, முதுகு வரை. அவர்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள். உலர்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை அலசினால் போதும். நனைத்து, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே ஏற வேண்டும். இறுக்கிப் பின்னக் கூடாது. படுக்கும்போது வழுவழுப்பான துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

என் மனைவி லில்லிக்கு இறால் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போய்விடும். அதனால் சிக்கெடுக்கிற வேலை எனக்கு. பயப்படவில்லை. வலையில் சிக்கு விழுந்தால் நடுவில் பிடித்து இழுப்போமா? இழுத்தால் முடிச்சு இறுகும், நூல் அறும். ஓரத்திலிருந்துதான் பிரிப்போம். நனைத்துப் பிரிப்போம். இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறேன்!

போர் தண்ணீர் எங்கள் தெருவில் உப்பு. அதில் அலசினால் முடி விறகாகிவிடுகிறது. ஆகவே மெட்ரோ தண்ணீர் வருகிற அன்று அவள் தலைக்கென்று இரண்டு குடம் தனியாக. லில்லியின் பழைய சாட்டின் பாவாடையைக் கிழித்துத் தலைக்கட்டு.

விஷயம் கடை வரை வந்துவிட்டது. படகு ஓட்டும் ஒரு தோஸ்து கயிறு வாங்க வந்தான். "இன்னா மாமு, வூட்ல சடை பின்னிகினு கீறியாமே? பார்லர் தொறக்கப் போறியா?"

"ஆமாண்டா. மொத கஸ்டமர் நீதான். ஆனா, உன் தலையில வேல செய்ய அங்க இன்னா கீது?"

அவன் வழுக்கை. கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வளர்ந்தது! இன்னும் இரண்டு விரல் வந்தால் சடை மடித்துக் காதைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது.

பி.டி. மிஸ் இந்த வருஷம் புதிதாக வந்தவர். பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்தினாராம். "இதுக்குப் பேரு சடையா? அவுரு." வலது பக்கச் சடையை அவிழ்க்க வைத்து, உலர்ந்த முடியில், சாதாரண சீப்பை உச்சியில் குத்திக் கீழே இழுத்திருக்கிறார். சிக்கெல்லாம் நுனிக்கு இறங்கி உருண்டையாகிவிட்டது. சீப்பின் பல் இரண்டு உடைந்தது. கோபம் வந்துவிட்டது மிஸ்ஸுக்கு. கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, உருண்டையைக் கத்தரித்துக் கீழே போட்டுவிட்டார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவள் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டாள்.

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். 

ஒரு மக்கில் தண்ணீர் எடுத்தேன். கண்டிஷனர் பாக்கெட் ஒன்று பிரித்துப் போட்டேன். உருண்டையை ஊறவைத்தேன். அப்புறம் உட்கார்ந்து விரலால் பிரித்தேன்... ஓரத்திலிருந்து, ஒவ்வொன்றாக. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முக்கால் மணி நேரம். மொத்தமும் பிரிந்துவிட்டது. ஒரு முனையில் ரப்பர் பேண்ட் போட்டாள்.

"நானே எட்த்திருப்பேன் இல்ல நைனா? வூட்டுக்கு வர வரைக்கும் வுட்டிருந்தா?"

 

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஜாமெட்ரி பாக்ஸோடு. ஹெட்மிஸ்ட்ரஸ் அறை. பி.டி. மிஸ்ஸையும் கூப்பிட்டார்கள்.

"ஸ்கூல்னா ஒரு டிசிப்ளின் வேணும் இல்லையா சார்?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"சீப்பே போகலை சார்," என்றார் பி.டி. மிஸ். "சிக்கு வேற பெருசா உருண்டுடுச்சு. நாலு விரல்தானே சார் வெட்டினேன். ரெண்டு மாசத்துல வளர்ந்துடும்."

நாலு விரல்!

பாக்ஸைத் திறந்து முடியை மேஜைமேல் வைத்தேன். சுருண்டு கிடந்தது. சரிதான், நாலு விரல். மேஜையில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மறுமுனையை மெதுவாக இழுத்தேன். வந்தது. இன்னும் வந்தது. ஸ்கேல் தீர்ந்துவிட்டது. முடி வந்துகொண்டே இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஸ்கேலைக் குனிந்து பார்த்தார், அது முழு ஸ்கேல்தானா என்று.

"ரெண்டு வருசம்மா இது. ரெண்டு மாசம் இல்ல."

பி.டி. மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. "கொஞ்சம்னு நினைச்சேன் சார்... சத்தியமா."

நம்புகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. எவ்வளவு நீளம் என்றுகூடப் பார்க்காத முடியில் கத்தரிக்கோலை வைக்க எப்படி மனசு வருகிறது? நேராக இருப்பது மட்டும்தான் முடி, மற்றதெல்லாம் குப்பை என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கத்திவிட்டேன். "என் பொண்ணு தலைல கை வெக்க உங்களுக்கு யாரும்மா பர்மிஷன் குட்த்தது?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"ஜூன் மாசம் பேரண்ட்ஸ் மீட்டிங்ல. கண்ணை மட்டும் விட்டுட்டு மீதிய உரிச்சிடுங்க மிஸ்னு சிரிச்சிக்கிட்டே சொன்னீங்களே."

சொன்னேன். நானேதான் சொன்னேன். எல்லாப் பெற்றோரும் சொல்வதுதானே? வணக்கம் சொல்வது மாதிரி, ஒரு மரியாதைக்கு, பல்லைக் காட்டிக்கொண்டு. ஸ்டெல்லா அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். மீனைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் உரிக்கிறார்கள்... முழுசாகவா, துண்டாகவா என்று. என் பிள்ளையை நான் ஒரு வார்த்தை கேட்காமல் உரிக்கக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த மீட்டிங்கில் யாராவது இதைச் சொன்னால், அவர்கள் வாயைப் பொத்துங்கள்.

"ஸாரி சார்," என்றார் பி.டி. மிஸ்.

"எனக்கு எதுக்கு ஸாரி? என் தலையவா வெட்டினீங்க? அவகிட்ட சொல்லுங்க. பிரேயர்ல சொல்லுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் குறுக்கே வந்தார். "பிள்ளைங்க முன்னாடி டீச்சர் ஸாரி கேட்டா கண்ட்ரோல் போயிடும் சார்."

"வெட்றது எல்லாரு முன்னாடி. ஸாரி மட்டும் கதவ சாத்திகினா?"

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். ஜூன் மாதம் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்; என் மகள் உடம்பில் நகம், முடி எதையும் அவளைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துப் பிழை இருந்திருக்கும். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லில்லி ஸ்டூலைப் போட்டு மகளை உட்கார வைத்தாள். கையில் கத்தரிக்கோல்.

"அந்தப் பக்கத்தையும் சமமா வெட்டிர்லாம்டி. ஒரு பக்கம் நீட்டு, ஒரு பக்கம் கட்டை... எத்தினி மாசம் பசங்க சிரிக்கிறத கேட்டுகினு இருப்ப?"

தப்பில்லை அவள் சொன்னது. நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் அந்த வெள்ளைத்தாள் ஞாபகம் வந்தது. "நீ இன்னா சொல்ற?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"வாணாம்," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவளே தலை பின்னிக்கொண்டாள். இடது சடையை மடித்தாள். முதல் முறையாக! நுனி காதைத் தொடவில்லை, ரிப்பனை நீளமாக விட்டு எட்டிப் பிடித்துக் கட்டினாள். வலது பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குச்சி. அதற்கும் ஒரு ரிப்பன்.

"இப்டியேவாடி போவப் போற?" என்றாள் லில்லி.

"இப்டியேதான். நான் இன்னாத்துக்கு சமம் பண்ணணும்? வெட்டினவங்க டெய்லி பாத்துகினு இருக்கட்டும்."

பை எடுத்தாள். போனாள்.

நாலு நாளாக பிரேயரில் பி.டி. மிஸ் ஏழாம் வகுப்பு வரிசைப் பக்கமே வருவதில்லையாம்.