குழித்துறை ஆற்றில் அப்பாவுக்கு

ஆடி அமாவாசைக்கு மதுரையிலிருந்து குழித்துறைக்குப் புறப்படும்போதே எனக்கு எரிச்சல்தான். அப்பா போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. நான் ஒரே பிள்ளை. இறந்தவர்களுக்கு எள்ளும் சோறும் வைத்து நீர் விடுவதை எங்கள் பக்கத்தில் பலி போடுவது என்போம். அதைத் தன் மகன்தான் செய்யவேண்டும் என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். “பொம்பளைங்க இதெல்லாம் செய்யுறது நம்ம வழக்கத்துல இல்லம்மா.” யாருடைய வழக்கம்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கணவரும் அம்மா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார்.

எங்கள் ஊர் குழித்துறை, தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லைப்புற ஊர். என் பேச்சைக் கேட்டு மதுரையில் மலையாளியா என்பார்கள். திருவனந்தபுரத்தில் தமிழச்சி என்று இளக்காரமாகப் பாண்டிக்காரி என்பார்கள். இரண்டு பக்கமும் இடிபட்ட எங்களுக்கு ஒரு நன்மை உண்டு. இந்த ஆற்றங்கரையில் பெண்களும் பலி போடலாம். அன்றும் ஈரச் சேலையோடு ஆண்களுக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே இவர் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, ஆற்றில் முங்கி வந்து வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன, துணி காயப்போடும் கொடியா?

மந்திரம் சொல்லும் போற்றி, இறந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். இவர் பெயரைச் சொன்னார். நட்சத்திரத்துக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். இவர் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலிருந்து கஞ்சி கொடுத்தவர் என் அப்பா. அவருடைய நட்சத்திரம்கூடத் தெரியாது, பலி போட வந்துவிட்டார். நான் சொல்லவில்லை.

“சொல்லேன், எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். எங்கப்பாவுக்கு நானாக்கும் பலி போடணும். எந்திரிங்க.”

எழுந்தார். சட்டையை அவர் கையில் திணித்துவிட்டு, முங்கி வந்து உட்கார்ந்தேன். உத்திரட்டாதி என்று போற்றியிடம் நானே சொன்னேன். தர்ப்பை மோதிரம் போட்டு, எள்ளும் நீரும் விட்டு, இலையைத் தலையில் வைத்து ஆற்றில் இறங்கினேன். பின்பக்கமாகப் போட்டுவிட்டு முங்கினேன். தண்ணீருக்குள்தான் அழுதேன். அங்கே யாரும் சமாதானம் சொல்ல வரமாட்டார்கள்.

கரையேறியபோது இவர் போனில் மாமியாரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாம்மா, நல்லபடியா முடிஞ்சுது. நான்தான் பண்ணேன்.”

ஈரக்கையோடு போனைப் பிடுங்கினேன்.

“அத்தை, அவங்க பண்ணல. எங்கப்பாவுக்கு நான்தான் பலி போட்டேன்.”