ஃபாண்டில் இல்லாத ஸ்ரீ

1996 தைப்பூசத்தன்று காலை, ஊரே தாமிரபரணிக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஸ்ரீவிஷ்ணு வீட்டை விட்டுப் போனான். கல்லூரியிலிருந்து நின்று ஒரு வருஷமாகியும் அவன் சொல்லாமல் இருந்தது முந்தின நாள்தான் வெளிப்பட்டது. "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்று சொல்லியிருந்தார் அனந்தநாராயணன். ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அவன் அக்கா மீனு என் பக்கத்து வீட்டுக்காரி. ஜங்ஷனில் வன்னியராஜின் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைகள் அடித்துக்கொடுப்பாள். நான் அப்போது வடக்கே ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தபின் அவள் விட்டு விட்டுச் சொன்னது இது.

கடையின் ஃபாண்டில் 'ஸ்ரீ' கிடையாது. மற்றவர்கள் 'சிறீ' என்று அடித்துச் சமாளித்தார்கள். மீனு அந்த எழுத்தைத் தானே வரைந்து, ஃபாண்டில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் சேர்த்துவைத்தாள். சொற்களுக்கு நடுவே போடும் கோடுகளிலும் அவளுக்குப் பிடிவாதம்தான். போன் நம்பருக்குச் சின்னது, வருஷங்களுக்கு நடுவே கொஞ்சம் நீளம், பேச்சு நிற்கும் இடத்தில் பெரியது.

"எல்லாம் கோடுதானம்மா. அளவெடுத்துத் தைக்கவா செய்யுதோம்?" என்பார் வன்னியராஜ்.

அந்த ஆவணியில் அனந்தநாராயணன் படுத்துவிட்டார். மகனைப் பார்க்க வேண்டும் என்றார். அவன் பம்பாயில் இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. அங்கே வெளிவரும் தமிழ் வாரப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம் என்றாள் மீனு. படம் போடாதே, முழுப்பெயர் போடாதே, நீ கல்யாணமாகாத பெண், உன் பெயரையும் போடாதே, சந்தி சிரிக்கும் என்றாள் அம்மா கோமு.

"அப்பான்னு மட்டும் போடு. புரிஞ்சுப்பான்" என்றார் அவர்.

'ஸ்ரீ, கோபமெல்லாம் போய்விட்டது. வா — அப்பா.'

பத்திரிகையில் விளம்பரத்தை அடித்து ஃபிளாப்பியில் கேட்டார்கள். மீனு கடையிலேயே அடித்துப் பதிந்தாள். பம்பாயில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி கொண்டுபோய்க் கொடுத்தார். விளம்பரம் வந்துவிட்டதாகப் பத்திரிகையில் சொன்னார்கள் என்று போனும் செய்தார்.

பம்பாய் வண்டி வரும் நாட்களில், தலையை வாசல் பக்கம் திருப்பிவைக்கச் சொல்வார் அனந்தநாராயணன். மார்கழியில் போய்விட்டார். சித்தப்பா கொள்ளி வைத்தார். படித்தும் வராதவனை மீனு மன்னிக்கவில்லை. வீட்டில் யாரையும் அவன் பேச்சை எடுக்க விடவில்லை.

99 ஆனித் தேரோட்டத்துக்கு ஊர் வந்த அண்ணாச்சி நேரே கடைக்கு வந்தார். பம்பாய் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் ஸ்ரீயைப் பார்த்திருக்கிறார். அப்பா போனது அவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். விளம்பரத்தை அப்போதே படித்தானாம். பெயர் இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான் இருந்ததாம். மீனு வரைந்த எழுத்து அவள் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டது. பெயரை மறைக்கத்தான் கட்டம் என்று பத்திரிகைக்காரர்களும் விட்டுவிட்டார்கள்.

மீனு மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. படித்துவிட்டு என்ன நினைத்தானாம் என்று கேட்டாள்.

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "'யாரோ ஒரு அப்பா கூப்பிடுதாரு, அந்தப் பய குடுத்து வச்சவன்னு நெனச்சேன் அண்ணாச்சி'ன்னானம்மா."