அண்ணியைத் தோற்கடித்த கதை

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் வீட்டுப் பழைய இரும்பு கேட்டை நினைத்தால், அதன் கொண்டியில் கை வைத்தபடி நிற்கும் அண்ணிதான் கண்முன் வருகிறார். என் கணவரின் அக்கா. உட்கார்ந்து பேசும் நேரத்தைவிட விடைபெறும் நேரம் அவருக்கு அதிகம். அடுப்படியில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை, கேட்டைச் சாத்தும்போது ஒரு தடவை "போயிட்டு வரேன்மா" என்று சொல்லியாக வேண்டும். என் பதில் காதில் விழாவிட்டால் கார் கண்ணாடியை இறக்கி மறுபடியும் சொல்வார். பல் டாக்டரிடம்கூட அப்படித்தான். பல் பிடுங்க மறுபடியும் வருவேன் என்று யாராவது சொல்வார்களா என்று நாங்கள் கேலி செய்வோம்.

அண்ணி மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். போகவர பஸ்ஸில் மர்ம நாவல்தான் துணை. பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிடித்தபின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டார். அதே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கும் தோழியிடம் போட்டு உடைத்துவிடுவார். நானோ துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. சாப்பாட்டு நேரத்தில் மர்ம நாவல் எழுதும் பைத்தியம் பிடித்திருந்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒளித்துவைத்துவிட்டு மற்றதை அண்ணியிடம் கொடுப்பேன்.

முதல் நாவல் போன வேகத்தில் திரும்பி வந்தது. "டாக்டர்தான் லா. இல்லாட்டி அவன் எதுக்கு ஆளாளுக்கு டீ போட்டுக் குடுக்கறான்?" இரண்டாவதில் வக்கீல் மாட்டினார். மூன்றாவதை ஏதோ குளிர்தேசத்து மலை பங்களாவில் நடத்தினேன். பனி கொட்டும், இன்ஸ்பெக்டர் ஓவர்கோட்டைக் கழற்றி மாட்டுவார். அதிலும் ஆளைச் சொல்லிவிட்டு அண்ணி கேட்டார்: "ஏம்மா, கிள்ளான்ல யாரும் கொல பண்ண மாட்டாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தைவிட ரோஷம்தான் அதிகம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு எழுதறேன் அண்ணி. அதையும் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா பேனாவ மூடி வச்சிடறேன்," என்றேன். வாயை விட்ட பிறகுதான் யோசித்தேன். எழுத்தும் போய்விட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும்? அண்ணி சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குச் சொல்லாத. உனக்காக நான் பொய்யா தோக்க மாட்டேன், ஆமா," என்றார்.

அதற்கப்புறம் பல வாரங்கள் ஒரு வரிகூட ஓடவில்லை. அந்தச் சமயத்தில் அண்ணியோடு வேலை செய்த ஒருவரின் அப்பா தவறிவிட, இருவரும் துக்கம் கேட்கப் போனோம். கிளம்பும்போது அண்ணி என் கையைப் பிடித்தார். செருப்பை மாட்டினார். யார் முகத்தையும் பாராமல், வாயே திறக்காமல் நடந்தார். பல் டாக்டரிடம்கூடச் சொல்லிக்கொள்கிற மனுஷி! இழவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று காரில் ஏறியதும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கொலைகாரன் கிடைத்துவிட்டான்.

என் நாவலில் சாகிறவர் பண்டமாரானில் லோரித் தொழில் செய்யும் பெரியவர். அவருடைய கூட்டாளி பின்வாசல் வழியாக வந்து அவரைக் கொன்றுவிட்டு, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வருகிறார். மாமனார் தூங்குகிறார் என்று நினைக்கும் மருமகளிடம் காப்பி வாங்கிக் குடிக்கிறார், குழந்தையின் கன்னத்தைத் தட்டுகிறார், காரை எடுக்கிறார். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாய் நிறைய 'போயிட்டு வரேன்' சொல்கிற மனிதர், அங்கே மட்டும் சொல்லவில்லை. உள்ளே பிணம் கிடப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கைக்கு வராத பயம் நாக்குக்கு வந்துவிட்டது. அவர் சொல்லாமல் கிளம்பியதை முதல் அத்தியாயத்திலேயே, எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன்.

அண்ணி இரண்டு தடவை படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நிமிர்ந்து உட்கார்ந்து, "சின்ன மருமகன்தான். அவன் முழியே சரியில்ல," என்றார். நான் கடைசி அத்தியாயத்தை நீட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, முதல் அத்தியாயத்தைப் புரட்டி, நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! கண்ணு முன்னாலயே வச்சிருக்கியே!"

மர்மக் கதையில் அப்படி என்ன ருசி என்று கேட்கிறவர்களுக்கு அந்த அடியைத்தான் சொல்வேன். யாருக்கும் தெரியாததை ஒளித்துவைப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்? தினம் புழங்குவதைக் கண்ணெதிரே வைத்து, அட, இது நமக்குத் தெரிந்ததுதானே என்று வாசகரைத் தவிக்கவிட வேண்டும். ஏமாந்தவருக்கும் அதில் சந்தோஷம்தான். அன்று அண்ணி அதே கதையை அடுப்படியில் என் கணவரிடம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போதுதான் நம்பினேன்.

அந்த நாவல் அச்சாகி, அதன்பின் இன்னும் பல எழுதிவிட்டேன். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் புதிய நாவலின் வெளியீடு. முடிந்ததும் முன்பின் தெரியாத பெண்கள் கூட்டமாக வந்து, "போயிட்டு வரோம் அக்கா, நல்லா கேட்டுக்குங்க!" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் நின்ற அண்ணிக்கு என்னைவிடப் பெருமை.

அண்ணி இப்போது செராஸில் மகன் வீட்டில் இருக்கிறார். வெளியீட்டன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். கொண்டி போட்ட கேட் போய், பொத்தானை அழுத்தினால் தானாக மூடும் கேட் வந்துவிட்டது. அடுப்படியில் சொன்னார், வாசலில் சொன்னார், மூடப் போன கேட்டைக் கையால் நிறுத்தியும் சொன்னார். மகன் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தான். கார் நகர்ந்ததும் கண்ணாடி இறங்கியது.

"போயிட்டு வரேன்மா! சொல்லிட்டேன், கேட்டுச்சா? அப்புறம் என்னையும் கொலகாரின்னு எழுதிடாத!"