இடது இருக்கை

"கைய மேல வைங்க, பிடிக்காதீங்க. நான் என்ன செய்யறேன்னு மட்டும் பாருங்க."

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர், தன் முன்னாலிருந்த பிடிமேல் பட்டும் படாமலும் கையை வைத்தார். ஓடுபாதை நெருங்கி வந்தது. பயிற்சியாளரான அவள் விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தூக்கினாள். இன்னும் கொஞ்சம். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

அடுத்த சுற்றில் டாக்டர் இறக்கினார். விமானம் தவளையாகக் குதித்தது. பார்க்கச் சுலபமாக இருக்கிறதே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். பல் பிடுங்குவதும் பார்க்கச் சுலபம்தான் என்றாள்.

முதலில் செய்துகாட்டுவது, பிறகு விட்டுக்கொடுப்பது. அதுதான் அவள் வேலை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய விமானம். இடது இருக்கை கற்பவருக்கு, வலது அவளுக்கு. அவள் பறப்பதெல்லாம் யாருக்காவது பாடமாகவே இருந்தது.

"ஊருக்கெல்லாம் ஓட்டிக் காட்டுற. நீ எப்பக்கா ஓட்டப் போற?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள். அவள் சிரித்து மழுப்பினாள். பிறகு பாத்திரம் கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு விமானத்தை வழக்கமான பராமரிப்புக்காக அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எப்போதும் பயிற்சிப் பள்ளி முதலாளியே கொண்டுபோவார். இந்த முறை அவருக்கு முட்டிவலி. தனியாகப் போகிறாயா என்று கேட்டார். வேண்டுமானால் டாக்டரும் கூட வரட்டும், பார்த்துக் கற்றுக்கொள்வார் என்றார்.

"வேணாம் சார். யாரும் வேணாம்."

அவள் இப்படிப் பேசி முதலாளி கேட்டதில்லை.

இடது இருக்கையில் உட்கார்ந்தாள். மேலே போனதும் வாய் தானாக, "இப்ப வேகத்தைப் பாருங்க" என்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கீழே ஆறு வளைந்து போயிற்று. காரணமே இல்லாமல் அதன் மேல் ஒரு வட்டமடித்தாள். இன்னொன்றும் அடித்தாள்.

இறங்கும்போதுதான் சிக்கல். வலப்பக்கமே உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு நடுக்கோடு பிடிபடவில்லை. இருக்கை மாறியதில் கைகளின் வேலையும் இடம் மாறியிருந்தது; இழுக்க வேண்டிய கை தள்ளியது. விமானம் கோட்டிலிருந்து விலகிக் குதித்தது, திரும்பவும் குதித்தது. பிடியை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆளில்லை. அவளே அடக்கி நிறுத்தினாள்.

அது குதித்ததைப் பார்த்த மெக்கானிக் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "கத்துக்கிற ஆளு எங்கம்மா?"

"நான்தான்."

நல்ல ஜோக் என்று அவர் சிரித்தார். இன்னும் ஒரே ஒரு சுற்று போய்வரட்டுமா என்று கேட்கத் திரும்பினாள். அதற்குள் அவர் என்ஜின் மூடியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். பஸ் பிடித்து ஊர் திரும்பினாள்.

மறுநாள் காலையில் மூடுபனி. கலைந்த பிறகு டாக்டர் வந்தார். இன்னொரு விமானத்தில், அவள் வலப்பக்கக் கதவு வழியாக ஏறினாள். சில சுற்றுகள் போனார்கள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மற்ற வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.