வரம்பு வெட்டினால் அலறும் வென்டிலேட்டர்

யுத்த காலத்தில் நான் தாதியாக வேலை செய்த ஆஸ்பத்திரி வாட்டில் ஒரேயொரு வென்டிலேட்டர்தான் இருந்தது. பாம்பு கடித்த கொக்கட்டிச்சோலை வேளாண்மைக்காரர் ஒருவர் அதில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நினைவு தெளிந்துவிட்டது, தொண்டைக்குள் குழாய் இருந்ததால் பேச்சு மட்டும் இல்லை.

காலை முழுவதும் சாதுவாக ஓடும் அந்த இயந்திரம், பின்னேரம் ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் மட்டும் குழாயில் காற்றழுத்தம் கூடிவிட்டதென்று அலறும். குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்தேன், சளியை உறிஞ்சினேன். ஒரு குறையும் இல்லை. அலாரத்தின் எல்லையை உயர்த்திவிட்டால் தொல்லை தீரும்தான். ஆனால் பிறகு குழாய் உண்மையாகவே அடைத்தாலும் அது வாய் திறக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லையைத் தொடாமல் விட்டேன்.

நான்காம் நாள் கட்டிலருகிலேயே நின்றேன். தோணியேறி, சோதனைச்சாவடி தாண்டி வந்த அவருடைய மனைவி காதருகே குனிந்தார்.

"உங்கட தம்பி நம்மட வரம்ப வெட்டி, தண்ணிய அவன்ட வயலுக்குத் திருப்பிட்டான்."

மனிதர் தொண்டையில் குழாய் இருக்கவே ஏசப் பார்த்தார்; காற்று முட்டி அழுத்தம் ஏறியது. அலாரம் அலறியது.

"அக்கா, இனி இஞ்ச வயல் கதை கதைக்கப்படாது!" என்று கத்திவிட்டு, பொத்தானை அமத்திச் சத்தத்தை நிறுத்தினேன்.

குழாயை எடுத்த அன்று அவர் தம்பியில் தொடங்கி, தம்பிக்குப் பெண் கொடுத்தவர்கள்வரை கரகரத்த குரலில் ஏசித் தீர்த்தார். மனைவி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மிஸி, அந்த மிசினே நல்லம். ஒருக்கா அமத்தினா வாய மூடிரும்."