முக்கால் மணி நேரத் தூரம்

ரெபேக்கா மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். ஊசிக்கு நடுங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தபடியே, குத்தியது தெரியாமல் போட்டுவிடுவாள். அவளுக்கு பஸ் என்றால் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் போன நஞ்சன்கூடு பஸ் மழையில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. அவளுக்கு வெறும் சிராய்ப்புதான். ஆனால் அன்றிலிருந்து பஸ், ரயில், ஆட்டோ எதில் ஏறினாலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். இறங்கிவிடுவாள்.

தங்கை மோலி நஞ்சன்கூட்டில் இருக்கிறாள். விபத்து நடந்த நாலாம் மாதம், கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, அவளுக்கு நீல் பிறந்தான். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு மோலியால் மைசூர் வர முடியாது. குழந்தையை ரெபேக்கா போனில்தான் பார்த்தாள். அவனுக்கென்று வாங்கிய மூன்று சட்டைகளும் அலமாரியில் இருந்தபடியே சின்னதாகிப்போயின.

"முக்கா மணி நேரந்தானேக்கா. கண்ண மூடிட்டு வந்துடேன்."

"வரணும்னுதாண்டி இருக்கு. உடம்பு கேக்க மாட்டேங்குது."

ஒருநாள் கிளினிக் டாக்டர் உமாதேவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"இது கோழைத்தனம் இல்ல சிஸ்டர். மூளைக்குள்ள பாதாம் பருப்பு சைசுல ஒரு பாகம் இருக்கு. ஆபத்துன்னு பட்டா, நீங்க யோசிக்கறதுக்குள்ள அது உடம்பையே உசுப்பி விட்டுடும். நீங்க இறங்கி ஓட ஓட, பஸ்ஸு ஆபத்துதான்னு அதுக்கு உறுதியாகுது."

"அப்ப என்ன பண்றது மேடம்?"

"இறங்காம உக்காருங்க. படபடப்பு ஏறும், அப்புறம் தானா அடங்கும். ஒண்ணும் ஆகலைன்னு அது மெதுவாத்தான் கத்துக்கும்."

முதலில் நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு ஸ்டாப், மூன்று ஸ்டாப். ஒரு முறை பாதி வழியில் இறங்கி, அழுதுகொண்டே நடந்து திரும்பினாள்.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து நேராகப் போய் நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏறினாள். அந்தப் பள்ளம் வந்ததும் கை கால் வெடவெடத்தது. கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்து, "இளீத்தீராம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார், இறங்குகிறீர்களா என்று. "இல்ல" என்றாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நஞ்சன்கூடு வந்தபோது படபடப்பு முழுதாகப் போகவில்லை; ஆனால் அவள் வந்து சேர்ந்திருந்தாள்.

வாசலில் அவளைக் கண்டதும் நீல் வீரிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"பெரியம்மாடா, தினம் போன்ல பாப்பியே!" என்றாள் மோலி.

"விடு, அவனே வரட்டும்."

தூக்கத் துடித்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு ரெபேக்கா தரையில் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவனாக வந்து மடியில் ஏறினான். இவ்வளவு கனமாக இருப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை.