சவரிமுத்து மாஸ்டரின் திருத்தம்

போன செவ்வாய்க்கிழமை பரமேஸ்வரி தொலைபேசியில் அழைத்தாள். எங்களிடம் படித்தவள், இப்போது ராகலையில் ஆசிரியை. "டீச்சர், நம்ம சவரிமுத்து சேர் காலையில போயிட்டாங்க" என்றாள். "அடக்கத்துக்கு யாருக்குங்க டீச்சர் சொல்றது? அவர தெரிஞ்சவங்க பாதிப் பேரு அக்கரையிலதான இருக்காங்க." மறுநாள் மழையில், குடைகளின் கீழ், ஒன்பது பேர் நின்றோம்.

எழுபதுகளில் ராகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அவர் விஞ்ஞானமும் நான் கணிதமும் படிப்பித்தோம். இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும் குடும்பங்கள் மாதந்தோறும் தகரப் பெட்டிகளோடு நானுஓயாவில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. போகும் பிள்ளையின் பெயரை மாஸ்டர் வகுப்புப் பதிவேடான இடாப்பில் வெட்டமாட்டார். பக்கத்தில் போகிற ஊரை எழுதுவார்: துறையூர், கோத்தகிரி, மண்டபம். அவருடைய தம்பி குடும்பமும் அப்படித்தான் போனது. அதன் பிறகு பாடசாலைக்குப் பின்னால் இருந்த அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்.

அவருக்கு மிகப் பிடித்த பாடம் தலைக்காலிகள். கடலே தெரியாத மலையில் ஒக்டோபசும் கணவாய் மீனும் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "கப்பலேறப் போற பிள்ளைங்க டீச்சர். கீழ தண்ணிக்குள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாம போகலாமா?" என்றார். பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியொன்றை மேசையில் தலைகீழாக நிறுத்தி, "பாருங்க, தலையிலேருந்தே கால் மொளைக்குது" என்பார். ஒக்டோபசுக்கு மூன்று இதயம் என்று சொல்லிவிட்டு, "மூணு இருந்தும் அது தனியாத்தான் இருக்கும்" என்று சிரிப்பார். ஒக்டோபசுக்கு எட்டுக் கால், கணவாய்க்கும் எட்டு என்று படிப்பித்தார். புத்தகப் படத்தில் அப்படித்தான் இருந்தது. அவரும் கணவாயைக் கண்ணால் கண்டதில்லை.

ராகலை மீன்காரரிடம் பல மாதம் சொல்லிவைத்து ஒருநாள் ஒரு கணவாயை வாங்கிவந்தார். பத்திரிகைத் தாளில் ஐஸோடு சுற்றியிருந்தது. நானும் பார்க்கப் போனேன். பரமேஸ்வரி எண்ணினாள்.

"சேர், பத்து இருக்குங்க."

"எட்டுதான். ஒழுங்கா எண்ணு."

"மூணு தடவ எண்ணிட்டேங்க. நீளமா ரெண்டு, உள்ளுக்குள்ள சுருட்டி ஒளிச்சு வச்சிருக்கு. கணக்கப்புள்ள கொழுந்து நிறுக்க வர்றப்போ எங்க அம்மா முத்தல் எலைய கூடைக்கு அடியில ஒளிப்பாங்களே, அந்த மாதிரி."

வகுப்பே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். கரும்பலகையில் எட்டை அழித்துப் பத்து என்று எழுதினார். மணியடித்து எல்லோரும் போன பிறகும் கையில் வெண்கட்டியோடு அங்கேயே நின்றார்.

"போனவங்களுக்கெல்லாம் எட்டுன்னு சொல்லி அனுப்பிட்டேனே டீச்சர்."

"விடுங்க மாஸ்டர். அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க?"

"ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்கன்னா, நான் எதுக்குப் படிப்பிச்சேன்?"



அன்று முதல் இடாப்பைப் பார்த்துக் கடிதம் எழுதத் தொடங்கினார். நலம் விசாரித்து இரண்டு வரி. அடுத்து, 'கணவாய்க்குப் பத்து. நான் எட்டு என்று சொன்னது தவறு.' முகவரி என்று அவரிடம் இருந்தது ஊர்ப்பெயர் மட்டுமே. பல கடிதங்கள் திரும்பி வந்தன. மற்றவை என்ன ஆயின என்றே தெரியாது. எண்பதுகளின் நடுவில் கப்பலும் நின்றது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. தபால்காரர் படியேறும் நேரத்தில் அவர் வகுப்பில் குரல் தாழ்ந்துவிடும். பக்கத்து வகுப்பிலிருந்து எனக்குக் கேட்கும்.

ஒரே ஒரு பதில் வந்தது. மண்டபத்திலிருந்து பழைய மாணவன் செல்வராஜ் எழுதியிருந்தான்: 'சேர், நான் இங்கே கணவாய் கழுவுகிற வேலைதான் செய்கிறேன். பத்து இருப்பதை முதல் நாளே பார்த்தேன். நீங்கள் சொன்னது தப்பாக இருக்காது என்று, அந்த இரண்டையும் கால் இல்லை என்று வைத்துக்கொண்டேன். இனிமேல் பத்து என்றே எண்ணுகிறேன்.'

மாஸ்டர் அதை என்னிடம் நீட்டினார். "பாத்தீங்களா, கண்ணால பாத்தத விட்டுட்டு என்னைய நம்பியிருக்கான். இதுக்குத்தான் நான் பயந்தேன்" என்றார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அடக்கம் முடிந்ததும் பரமேஸ்வரி அந்த இடாப்பை என்னிடம் தந்தாள். அதைத்தான் அவர் நினைவாக நான் வைத்திருக்கிறேன். செல்வராஜின் பெயருக்கு எதிரே, 'பத்து – தெரியும்' என்று அவருடைய சாய்ந்த எழுத்து. மற்றப் பெயர்களுக்கு எதிரே ஊர் மட்டும் இருக்கிறது, அதற்கப்பால் வெறுந்தாள்.

அவரிடம் எட்டு என்று படித்துக் கப்பலேறியவர்கள் யாராவது இதை வாசித்தால், கணவாய்க்குப் பத்து. ஒரு வரி எழுதிப்போடுங்கள். உங்கள் பெயருக்கு எதிரே நான் குறித்துக்கொள்கிறேன்.